மெஷின் தருகிறார்கள், மூடி எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுய உதவிக் குழுப் பெண்களுக்கு மாவரைக்கும் மெஷின் கொடுத்தார்கள், சிப்ஸ் சீவும் மெஷின் கொடுத்தார்கள், பாக்கெட் ஒட்டும் மெஷின் கொடுத்தார்கள் என்று படத்தோடு அடிக்கடி செய்தி வருகிறது. சந்தோஷம்தான், கிடைத்தவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் அந்த மெஷின்கள் ஒரு வருடம் கழித்து எந்த நிலையில் இருக்கின்றன என்று யாரும் போய்ப் பார்த்து எழுதியதாகத் தெரியவில்லை. நான் பார்க்கிறேன், ஏனென்றால் அவை என் கடைக்கு வருகின்றன. குலசேகரம் பக்கத்தில் மோட்டாருக்குக் காயில், அதாவது கம்பிச் சுருள், கட்டுவது, கிரைண்டர், மாவு மில், தேங்காய் துருவும் மெஷின், புல் வெட்டும் மெஷின் எல்லாம் பழுது பார்ப்பது என் தொழில். காயில் கருகி வரும் மெஷினை எனக்குச் சரிசெய்யத் தெரியும். அதைத் தூக்கிக்கொண்டு வருகிறவரின் கையில் விரல் குறைந்திருந்தால் நான் என்ன செய்ய முடியும்? அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

தேங்காய் துருவும் மெஷினையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மோட்டார், அதன் தண்டின் நுனியில் உருண்டையாகப் பல் வைத்த கத்தி, அவ்வளவுதான் மொத்தமும். தேங்காய் முறியைக் கையில் பிடித்து, சுழலும் கத்தியில் அழுத்த வேண்டும். முறி முழுசாக இருக்கும்வரை பயமில்லை. சிரட்டை தெரிய ஆரம்பிக்கும் கடைசி நேரத்தில்தான் ஆபத்து, சிரட்டை விண்டால் அழுத்திக்கொண்டிருந்த கை அப்படியே கத்திக்குப் போகும், கை போகவில்லை என்றால் சேலைத் தலைப்போ துப்பட்டாவோ போகும். நம் வீடுகளில் இருந்த தேங்காய் துருவும் பழைய திருவலக்குத்தியை நினைத்துப் பாருங்கள், அதில் கத்தி அசையாது, கைதான் அசையும், கை நின்றால் வேலை நின்றுவிடும். மோட்டார் வந்ததும் இது தலைகீழாகிவிட்டது. கத்தி சுற்றுகிறது, கை நின்றாலும் அது நிற்பதில்லை. கையால் செய்த வேலையை மெஷினுக்கு மாற்றுகிற யாரும் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான், கை எங்கே இருக்கிறது, தவறு நடந்தால் அந்தக் கை எங்கே போகும்?

இதை யோசித்துச் செய்த ஆட்கள் இருக்கிறார்கள், தூரத்தில் தேட வேண்டாம். 1955-ல் கோயம்புத்தூரில் பி. சபாபதி என்பவர் மாவரைக்கும் கிரைண்டரைச் செய்தார். ஆட்டுரலில் உரல் நிற்கும், குழவியை ஒரு கையால் சுற்ற வேண்டும், இன்னொரு கையால் மாவைத் தள்ளித் தள்ளிக் குழவிக்கு அடியில் கொடுக்க வேண்டும். கிரைண்டரில் உரல் சுற்றுகிறது, குழவி இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு சுழல்கிறது, மாவு தானாகக் கல்லுக்கு அடியில் வந்து சேர்கிறது. அதனால் ஓடும்போது கை உள்ளே போக வேண்டிய தேவையே பெரும்பாலும் இல்லாமல் போனது. இன்றைக்கு அந்தக் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. நம் வீட்டுப் பெண்களின் தோள்பட்டையைக் காப்பாற்றிய கண்டுபிடிப்பு அது. அதில் என்னைக் கேட்டால் மோட்டார் வைத்தது பெரிய விஷயமில்லை, எதைச் சுற்ற விடுவது எதை நிறுத்தி வைப்பது என்று முடிவு செய்தார்களே, அதுதான் பெரிய விஷயம்.

கையில் பிடித்துத் துளை போடும் டிரில்லும் அப்படித்தான். 1889-லேயே ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ஆர்நாட், பிரெய்ன் என்ற இரண்டு பேர் மின்சார டிரில்லுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். ஆனால் இன்று தச்சர், எலக்ட்ரீசியன் எல்லாரும் பிடிக்கிற வடிவம், துப்பாக்கி மாதிரி கைப்பிடியும் விரலால் அழுத்தும் சுவிட்சும் வைத்தது, 1917-ல் பிளாக் அண்ட் டெக்கர் கம்பெனி காப்புரிமை வாங்கியது. விரலை எடுத்தால் மின்சாரம் நின்றுவிடும். இதே யோசனையைத் தேங்காய் மெஷினில் வைக்க முடியாதா? தையல் மெஷினுக்கு வைக்கிற மாதிரி காலால் மிதிக்கும் சுவிட்ச் ஒன்று போதும், மிதித்தால் ஓடும், காலை எடுத்தால் கரண்ட் நிற்கும். கையில் அடிபட்டால் மனுஷன் தன்னையறியாமல் பின்னால் போவான், காலும் எடுபட்டுவிடும். நான் கேட்டவர்களுக்கெல்லாம் இதை மாட்டிக் கொடுக்கிறேன், அதிகச் செலவில்லை, ஒரு காயில் கட்டும் கூலியைவிடக் குறைவுதான். புதிதாக விற்கும் மெஷினிலேயே ஏன் வருவதில்லை என்று ஒரு கம்பெனிப் பிரதிநிதியிடம் கேட்டேன், கஸ்டமர் யாரும் கேட்பதில்லை என்றார். கேட்கத் தெரியாதவர்களுக்குத்தானே இது தேவை.

அப்புறம் சிப்ஸ் சீவும் மெஷின். நாகர்கோவில் சிப்ஸ் என்றால் தமிழ்நாடு முழுக்க தெரியும், ஏத்தங்காயைத் தேங்காய் எண்ணெயில் பொரித்த வாசனைக்கு ஈடு கிடையாது. கையால் சீவுகிறவர்கள் கொதிக்கும் எண்ணெய்க்கு நேர் மேலே பலகையைப் பிடித்து நேராகச் சட்டிக்குள் சீவுவார்கள், அந்த வேகமும் கணக்கும் தனித் திறமை, ஆவியிலும் சூட்டிலும் நாள் முழுக்க நிற்பது தனி வேதனை. மெஷினில் சுற்றும் தட்டில் கத்தி இருக்கும், மேலே ஒரு குழாய் வழியாகக் காயைப் போட்டுத் தள்ளுகட்டையால் அழுத்த வேண்டும். எல்லாத் துண்டும் ஒரே கனத்தில் விழும், ஒரே நேரத்தில் வேகும், பாதி கருகிப் பாதி நமுத்த கதை இல்லை. மெஷின் நல்ல மெஷின்தான். ஆனால் என்ன நடக்கிறது? தள்ளுகட்டை முதல் மாதத்திலேயே காணாமல் போய்விடுகிறது. அது இல்லாமல் விரலால் தள்ளுகிறார்கள். குழாய் நீளமாக இருப்பதால் காய் போட நேரமாகிறது என்று சில இடங்களில் அதை வெட்டிக் குட்டையாக்கிவிடுகிறார்கள். அந்தக் குழாய் நீளமாக இருப்பதே விரல் கத்தியை எட்டக்கூடாது என்பதற்காகத்தான் என்று மெஷினைக் கொடுத்தவர்கள் யாரும் சொல்லித் தரவில்லை.

கதிரடிக்கும் மெஷினில் இந்தப் பாடத்தை நம் நாடு ஏற்கெனவே படித்துவிட்டது. வட மாநிலங்களில் கோதுமைக் கதிரை உள்ளே தள்ளும்போது கை போனவர்கள் அத்தனை பேர், அதனால்தான் 1983-ல் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் என்று ஒன்றே வந்தது. கதிர் போடும் வாய் கை உருளையை எட்டாத அளவுக்கு நீளமாக, மேலே மூடியோடு இருக்க வேண்டும் என்று தரக்கட்டுப்பாடும் வைத்தார்கள். ஆனால் ஒரு வீட்டுத் திண்ணையில் நான்கு பெண்கள் சேர்ந்து நடத்தும் சிப்ஸ் தொழிலுக்கு அப்படி யார் பொறுப்பு? 1948-ல் வந்த தொழிற்சாலைச் சட்டம் ஓடும் உறுப்புகளுக்கு வேலி வேண்டும் என்று தெளிவாகச் சொன்னது, ஆனால் கரண்டில் ஓடும் இடமென்றால் 10 பேராவது வேலை செய்ய வேண்டும் என்று வரம்பும் வைத்தது. நான்கு பேர் இருக்கிற இடத்துக்கு ஆய்வாளர் வந்ததே இல்லை. அடி மட்டும் அவர்களுக்கும் அதே மாதிரிதான் விழுகிறது.

இதைப் பெண்களிடம் கேட்டே வடிவமைக்க வேண்டும் என்று நான் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள், பெண்களுக்கு மெஷினைப் பற்றி என்ன தெரியும் என்று. அமெரிக்காவில் மார்கரெட் நைட் என்று ஒரு பெண் இருந்தார், கடையில் அரிசி பருப்பு போட்டுத் தருகிற, அடி தட்டையான காகிதப் பை இருக்கிறதே, அதை மடித்து ஒட்டும் மெஷினைக் கண்டுபிடித்தவர். அவருடைய யோசனையைப் பார்த்துவிட்டு சார்லஸ் அன்னன் என்பவர் முந்திப்போய்த் தன் பெயரில் காப்புரிமை கேட்டார். ஒரு பெண்ணால் இவ்வளவு சிக்கலான மெஷினைப் புரிந்துகொள்ள முடியாது என்று வழக்கில் வாதமும் வைத்தார்கள். நைட் தன் வரைபடங்களையும் சாட்சிகளையும் கொண்டுபோய் நிறுத்தி ஜெயித்தார், 1871-ல் காப்புரிமை அவருக்கே கிடைத்தது. எனக்கு இதைவிடப் பெரிதாகத் தோன்றுவது அவருடைய முதல் கண்டுபிடிப்பு. 12 வயது வாக்கில் பஞ்சாலைத் தறியில் நூலைக் கொண்டுபோகும் ஓடம் எகிறி ஒரு தொழிலாளியைக் குத்தியதைப் பார்த்துவிட்டு, ஓடம் வெளியே பாயாமல் தடுக்கும் ஒரு காப்பைச் செய்தார். மெஷின் பக்கத்தில் நின்று வேலை பார்க்கிற ஆளுக்கே அது எப்படி அடிக்கும் என்று தெரியும். நம் ஊரில் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கு சீவுகிற, பலாச் சுளை அரிகிற பெண்களைக் கூப்பிட்டு, இந்தப் பிடி எந்த உயரத்தில் இருக்க வேண்டும், சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டிருக்கிறார்களா? வருகிற மெஷின்களில் பாதிக்கு மேல் உயரமான ஆண் ஒருவர் நின்று இயக்குகிற அளவில்தான் இருக்கின்றன.

வேலையின் தன்மை தெரியாமல் மெஷின் கொடுத்தாலும் பிரயோஜனம் இல்லை. தென்னை ஏறும் மெஷினை எடுத்துக்கொள்ளலாம். கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த எம்.ஜே. ஜோசப் என்ற விவசாயி செய்தது, பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத மனிதர், அவருடைய மெஷினை வைத்து எத்தனையோ பேர், பெண்கள் உட்பட, தென்னை ஏறக் கற்றுக்கொண்டார்கள், 2011-ல் தென்னை வளர்ச்சி வாரியம் அதற்கென்றே பயிற்சி தொடங்கியது. நம் மாவட்டத்திலும் அது நன்றாகப் பயன்படுகிறது. ஆனால் அதே மெஷினைப் பனை ஏறுகிறவரிடம் கொடுத்துவிட்டு ஏன் பயன்படுத்தவில்லை என்று கேட்பது நியாயமில்லை. தென்னையில் ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை ஏறினால் போதும். அக்கானி, அதாவது பதநீர், இறக்குகிறவர் சீசனில் ஒவ்வொரு மரத்திலும் காலையும் மாலையும் ஏறிப் பாளை சீவ வேண்டும், கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவ வேண்டும், ஒரு மரத்தை முடித்து அடுத்த மரத்துக்கு ஓட வேண்டும். மரத்துக்கு மரம் மெஷினைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தால் அக்கானி புளித்துவிடும். மேலே போனால் கருக்கு மட்டை வேறு கிழிக்கும். பனையேறிகளோடு ஒரு சீசன் கூடவே நின்று பார்த்துச் செய்கிற மெஷின் வேண்டும், அல்லது மெஷினே வேண்டாம், நல்ல இடுப்புப் பட்டையும் கயிறும் காப்பீடும் கொடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மோட்டார் வேண்டும் என்றும் நான் சொல்ல மாட்டேன். மார்த்தாண்டம் தேன் இன்று பெயரோடு இருப்பதற்கு ஒரு காரணம் கையால் சுற்றும் தேன் எடுக்கும் டிரம். முன்பெல்லாம் அடையைப் பிழிந்துதான் தேன் எடுப்பார்கள், அடை நாசம், புழுவும் மகரந்தமும் தேனோடு கலந்துவிடும். 1865-ல் ஹ்ருஷ்கா என்ற ஆஸ்திரிய ராணுவ அதிகாரி, மரச்சட்டத்தோடு அடையைச் சுற்றினால் தேன் மட்டும் தெறித்து வெளியே வரும் என்று காட்டினார். காலி அடையைத் திருப்பிப் பெட்டியில் வைத்தால் தேனீ மெழுகு கட்டும் வேலை மிச்சம். இந்த மெஷினில் பற்சக்கரமும் கைப்பிடியும்தான், ரப்பர்த் தோட்டத்தின் நடுவில் கரண்ட் இல்லாத இடத்துக்கும் கொண்டுபோகலாம், கைக்கு ஒரு ஆபத்தும் இல்லை. ரப்பர்த் தேனின் பிரச்சினை வேறு, அதில் ஈரம் அதிகம், 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது உணவுப் பாதுகாப்பு விதி, அதிகச் சூடு காட்டாமல் ஈரத்தைக் குறைக்கும் மெஷின்தான் சின்னத் தேன் வளர்ப்பாளர்களுக்குக் கைக்கெட்டும் இடத்தில் வேண்டும். அதைப் பொதுவில் வைத்து வாடகைக்கு விட்டால் எவ்வளவு நல்லது.

பாக்கெட் ஒட்டும் மெஷினைப் பற்றி ஒரே விஷயம் சொல்கிறேன், ஏனென்றால் இதற்கு மட்டுமே என் கடைக்கு நிறையப் பேர் வருகிறார்கள். மெஷின் ஒட்டவில்லை, சிப்ஸ் நமுத்துப்போகிறது என்று. பெரும்பாலும் மெஷினில் கோளாறே இருக்காது. பாக்கெட்டின் வாயில் எண்ணெயும் சிப்ஸ் தூளும் படிந்திருக்கும், அதன் மேல் சூடு வைத்தால் இரண்டு பக்கமும் ஒட்டாது, பார்க்க ஒட்டிய மாதிரி இருக்கும், காற்று போய்வந்துகொண்டிருக்கும். வாயைத் துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும், அகலமான புனலை வைத்து நிரப்ப வேண்டும். கருப்பட்டியைச் சூடாறும் முன்னே கவரில் போட்டு ஒட்டினால் உள்ளே வியர்த்து இளகிவிடும். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது, காற்றில் ஈரம் இல்லாத மாதமே குறைவு, இதை மெஷின் கொடுக்கும் நாளில் அரை மணி நேரம் செய்து காட்டினால் எத்தனை பாக்கெட் மிச்சமாகும்.

புல் வெட்டும் மெஷினில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 1971-ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஜார்ஜ் பல்லாஸ் என்பவர், கார் கழுவும் இடத்தில் சுற்றும் பிரஷ்ஷைப் பார்த்துவிட்டு, ஒரு காலி டப்பாவில் தூண்டில் நரம்பைக் கட்டிச் சுற்றிப் பார்த்துச் செய்தது அது. கத்தியே இல்லாமல் நரம்பால் புல்லை வெட்டலாம் என்பதுதான் கண்டுபிடிப்பு. நம் ரப்பர்த் தோட்டங்களில் என்ன செய்கிறார்கள் என்றால், நரம்பு அடிக்கடி தேய்கிறது என்று அதைக் கழற்றிவிட்டு, மரம் அறுக்கும் வட்ட வாளை மாட்டுகிறார்கள், அது உள்ளே போகாததால் தகட்டு மூடியையும் கழற்றுகிறார்கள். அது ஒரு கல்லில் பட்டால் கல்லும் பறக்கும், வாளின் பல்லும் பறக்கும். கண்ணாடி போட்டு வேலை செய்கிறவர்களை நான் அரிதாகத்தான் பார்க்கிறேன். வட்ட வாள் மாட்டித் தரச் சொல்லிக் கேட்டால் நான் செய்வதில்லை, வேறு கடைக்குப் போகிறார்கள், போகட்டும், ஆனால் எல்லாக் கடையும் சேர்ந்து முடியாது என்று சொன்னால் போக இடம் இருக்காது.

கரண்ட் விஷயமும் சேர்த்துச் சொல்கிறேன். ஈரக் கையோடு வேலை செய்யும் இடம் சமையல் தொழில். எர்த் கம்பி இழுக்காத வீட்டில் மூன்று ஊசி பிளக்கின் ஒரு ஊசியை முறித்துவிட்டு இரண்டு துளையில் செருகுகிறார்கள். கசிவு வந்தால் 30 மில்லி ஆம்பியரிலேயே கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்று போர்டில் இருந்தால் உயிர் பிழைக்கும். குளச்சல், முட்டம் மாதிரிக் கடலோர ஊர்களில் உப்புக் காற்றுக்கு மோட்டாரின் பெட்டி அரித்து, உள்ளே கம்பியின் காப்பும் போய்விடுகிறது, அங்கே கொடுக்கும் மெஷினுக்கு மற்ற இடத்துக்குக் கொடுப்பதே போதும் என்று நினைக்கக்கூடாது.

சரி, என்ன வேண்டும் என்று கேட்டால் சொல்கிறேன். 2020-ல் வந்த மத்திய அரசின் சிறு உணவுத் தொழில் திட்டத்தில் மெஷின் வாங்க 35 சதவீதம் மானியம் என்று வைத்தார்கள், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை. அப்படி மானியம் கொடுக்கும்போதே பெல்ட்டுக்குக் கவர் இருக்கிறதா, தள்ளுகட்டை இருக்கிறதா, கையோ காலோ எடுத்தால் நிற்கிறதா, உதிரிப் பாகம் மாவட்டத்துக்குள் கிடைக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள், இல்லாத மெஷினுக்குப் பணம் கொடுக்காதீர்கள். நாகர்கோவிலில் கோணம் என்ற இடத்தில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது, பாலிடெக்னிக் இருக்கிறது, பொறியியல் கல்லூரியும் இருக்கிறது, மூன்றும் பக்கத்துப் பக்கத்தில். மாதத்தில் ஒரு சனிக்கிழமை அங்கே பட்டறையைத் திறந்துவைத்து, யார் வேண்டுமானாலும் மூடி போன மெஷினைக் கொண்டுவரலாம், மாணவர்கள் தகடு வெட்டி மூடி செய்து மாட்டித் தரட்டும், அவர்களுக்கும் அது நல்ல பாடம். திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் புது மெஷினை வைத்து, வாங்கும் முன் சொந்தக் காயை, சொந்தக் கிழங்கைக் கொண்டுபோய் ஓட்டிப் பார்க்க ஒரு ஏற்பாடு வேண்டும். மரச்சீனி பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலம் ஓடிவிடும், அதனால் அந்த மெஷின் கிழங்கு சீசனில் அங்கே இருக்க வேண்டும், மார்ச் மாதக் கணக்கு முடிக்கிற அவசரத்தில் வந்து என்ன பயன்.

ஒவ்வொரு குழுவிலும் இரண்டு பேருக்கு பெல்ட் மாற்ற, கார்பன் பிரஷ் மாற்ற, கத்தி தீட்ட, மூடியைக் கழற்றினால் திரும்ப மாட்ட சொல்லிக் கொடுக்க வேண்டும். இதற்கு யாராவது முன்வந்தால் நான் கூலி வாங்காமல் வந்து சொல்லித் தருகிறேன். தக்கலை, மார்த்தாண்டம், கருங்கல் பக்கம் என்னைப் போலத் தொழில் செய்கிறவர்களிடமும் பேசியிருக்கிறேன், அவர்களும் வரத் தயார். கோணத்தில் கதவைத் திறந்துவிடுவது மட்டும் அதிகாரிகளின் கையில் இருக்கிறது.

இப்படிக்கு,
மோட்டார் பழுது பார்க்கும் தொழிலாளி,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.